தினசரி தங்க விலையும் நகை பில்லும்: விஏ, எச்யூஐடி, பழைய நகைக் கழிவு

தராசுமுள்:
காலையில் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு சவரனுக்கு 240 இறங்கியிருக்கு, கிளம்பலாம்" என்று நகை வாங்கப் போகிறவர்கள் நிறைய. அந்த 240 ரூபாய்க்காக ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பவர்கள், கடைக்குள் போனதும் டேக்கில் விஏ (சேதாரமும் செய்கூலியும் சேர்ந்த கூடுதல் சதவீதம்) 14 என்று இருக்கிறதா 11 என்று இருக்கிறதா என்று திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த விவாத இழை அதற்காகத்தான்.

கணக்கு சுலபமாக இருக்க 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சவரன் 8 கிராம், ஆக 80,000. விஏ ஒரு சதவீதம் குறைந்தால் சவரனுக்கு 800 மிச்சம். கிராமுக்கு 100 ரூபாய் விலை இறங்கினால் கிடைப்பதும் அதே 800தான். சவரனுக்கு 240 இறங்குவது 0.3 சதவீத விஏவுக்குச் சமம். எதைப் பிடித்துப் பேரம் பேச வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

8.000 கிராம் செயின், விஏ 10 சதவீதம் என்றால் பில் இப்படி வரும். 8.000 உடன் 0.800 சேர்த்து 8.800 கிராம், தொகை 88,000. அதில் 3 சதவீத ஜிஎஸ்டி 2,640. ஹால்மார்க் (தூய்மை முத்திரை) கட்டணம் ஒரு நகைக்கு 45, அதற்கு 18 சதவீத வரி சேர்த்து 53.10. மொத்தம் 90,693.10. இதற்கு மேல் "பாலிஷ்", "பேக்கிங்", "இதர" என்று ஏதாவது வரி இருந்தால் அது என்ன என்று கேளுங்கள்.

மில்லிகிராம்:
நல்ல தொடக்கம். காலை விலை எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். சர்வதேசச் சந்தையில் விலை டாலரில், ட்ராய் அவுன்சுக்கு. ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1035 கிராம். அதை கிராமுக்கு மாற்றி, டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பால் பெருக்கி, இறக்குமதி வரியைச் சேர்த்தால் 24 காரட் விலையின் அடித்தளம் கிடைக்கும். உள்ளூர் தேவையைப் பொறுத்து அதற்கு மேலோ கீழோ கொஞ்சம் நகரும். 22 காரட் விலை அதில் 91.6 சதவீதம்.

அதனால்தான் உலகச் சந்தையில் தங்கம் அசையாமல் இருக்கும் நாளிலும் ரூபாய் சரிந்தால் இங்கே விலை ஏறும். வரி மாறினால் ஒரே நாளில் பெரிய பள்ளம் விழும். 2024 ஜூலை பட்ஜெட்டில் வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியபோது நடந்தது அதுதான். அன்றாட ஏற்ற இறக்கத்தை யாராலும் கணிக்க முடியாது. கல்யாணத் தேதி குறித்துவிட்டால் மொத்த எடையை மூன்று நான்கு பங்காகப் பிரித்து வெவ்வேறு மாதங்களில் வாங்குவதோ புக் செய்வதோதான் உருப்படியான வழி.

இன்னொன்று: விலை காலையில் ஒருமுறை வரும். சந்தை ஆட்டம் காணும் நாட்களில் பிற்பகலிலும் மாறும். நகையைத் தேர்ந்தெடுத்த நேரத்து விலை இல்லை, பில் போடும் நேரத்து விலைதான் உங்களுக்கு. மாலையில் போகிறவர்கள் உள்ளே நுழையும்போதே "இப்போ கிராம் என்ன போடுறீங்க?" என்று கேட்டுவிடுவது நல்லது.

பில்வாசகன்:
சேதாரம், செய்கூலி, விஏ மூன்றும் மூன்று விதமாக மக்களைக் குழப்புகின்றன. ஒரு கடை "சேதாரம் 7 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 300" என்கிறது. பக்கத்துக் கடை "விஏ 10 சதவீதம், செய்கூலியே கிடையாது" என்கிறது. தராசுமுள் போட்ட அதே 8 கிராம் செயினுக்கு முதல் கடையில் 8.560 × 10,000 = 85,600, கூட செய்கூலி 2,400, ஆக 88,000. இரண்டும் ஒன்றே.

எந்தக் கடையானாலும் இப்படி ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்: ஜிஎஸ்டிக்கு முந்தைய தொகையை நிகர எடையால் வகுத்து, அன்றைய கிராம் விலையைக் கழியுங்கள். இங்கே 88,000 ÷ 8 = 11,000. கிராமுக்கு 1,000 கூடுதல், அதாவது 10 சதவீதம். "சேதாரம் இல்லை" என்று பெரிதாக எழுதியிருந்தால் செய்கூலி எவ்வளவு என்று பாருங்கள். "கிராமுக்கு 200 தள்ளுபடி" என்றால் 10,000 விலையில் அது 2 சதவீத விஏ குறைப்பு மட்டுமே. தள்ளுபடிக்கு முன் அந்த நகையின் விஏ எவ்வளவாக இருந்தது என்பதுதான் கேள்வி.

சேதாரம் சதவீதத்தில் இருப்பதால் தங்கம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. கிராம் 5,000 இருந்தபோது சவரனுக்கு 10 சதவீதம் 4,000 ரூபாய். 10,000 ஆனதும் 8,000. செய்கிற வேலை அதேதான். விலை உச்சத்தில் இருக்கும்போது சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

கோவைப் பட்டறை:
பட்டறைப் பக்கம் இருந்து கொஞ்சம் சொல்றேன். மொத்த வியாபாரத்துல கணக்கு ரூபாய்ல இல்லை, டச்ல. 92 டச்னா நூறு பங்குல 92 பங்கு சுத்தத் தங்கம். உதாரணத்துக்கு ஒரு செயின் ரகம் "94.6 டச்"னு பேசினா, 100 கிராம் 916 (22 காரட்) நகைக்கு கடைக்காரர் 94.6 கிராம் சுத்தத் தங்கம் தரணும். நகைக்குள்ள இருக்கறது 91.6. மிச்சம் 3 கிராம்தான் பட்டறையோட சேதாரமும் கூலியும். அதுக்கு மேல கடை வாடகை, சம்பளம், விளம்பரம், லாபம் எல்லாம் சேர்ந்துதான் நீங்க பார்க்கற விஏ.

அதுக்காக எல்லா விஏவும் அநியாயம்னு சொல்லிட முடியாது. மெஷின் செயின்ல அறுக்கற தூள், ராவு தூள் எல்லாத்தையும் திரும்ப எடுத்துடலாம், கை வேலையும் கம்மி. அங்க விஏ குறைவா இருக்கணும், அடிச்சுப் பேசலாம். கோயில் நகை, நகாசு வேலை, கல் பதிச்ச அட்டிகை, ஜிமிக்கி மாதிரி ஐட்டத்துல ஆள் உட்கார்ந்து நாள் கணக்குல வேலை பார்க்கணும், தூளும் நிறைய போகும். அங்க ரெண்டு மடங்கு மூணு மடங்கு விஏ வர்றது இயல்பு. மெஷின் செயினுக்கு நகாசு நகையோட விஏ போட்டிருந்தா அதுதான் தப்பு.

"பார்க்க 5 பவுன் மாதிரி, எடை 2 பவுன்தான்"னு விக்கற நகை எல்லாம் உள்ள குழல். தகடு மெல்லிசு. வளையல் நசுங்கினா டொக்கு எடுக்க முடியாது, செயின் வளையம் தேய்ஞ்சு அறுந்தா பத்த வைக்கறப்போ பக்கத்து வளையமும் உருகிடும். தினமும் போடற தாலிச் செயினுக்கு இது வேண்டாம். அந்த எடைக்கு நீளத்தைக் குறைச்சு கட்டியா ஒண்ணு எடுங்க. முதல்ல தேயறது கொக்கியும் எஸ் வளையமும்தான். வாங்கறப்பவே அந்த ரெண்டையும் கனமா மாத்தித் தரச் சொல்லலாம், அதுக்கான எடையை மட்டும் கொடுத்தா போதும்.

உரைகல்:
ஹால்மார்க் பற்றி ஒழுங்காக ஒரு பதிவு வேண்டும் என்று தோன்றுகிறது. இன்னமும் "916 கேடிஎம்" என்று சொல்லி விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பற்று, அதாவது நகைத் துண்டுகளை ஒட்ட வைக்கும் உலோகக் கலவை. பற்று வைப்பதற்கு வசதியான உலோகம், அவ்வளவே. தூய்மைக்கான முத்திரை இல்லை. உருக்கும்போது வரும் புகை பட்டறையில் வேலை செய்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இந்தியாவில் தங்க நகைக்குக் கட்டாய ஹால்மார்க் 2021 ஜூன் 16 அன்று 256 மாவட்டங்களில் தொடங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியான ஹால்மார்க் அடையாள எண்) இல்லாத நகையை, கட்டாயம் பொருந்தும் இடங்களில், கடை விற்கக் கூடாது. நகையில் மூன்று அடையாளம் இருக்க வேண்டும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோண முத்திரை, 22கே916 போன்ற தரக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த எச்யூஐடி. 18 காரட் என்றால் 18கே750, 14 காரட் என்றால் 14கே585.

எண் இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகைக்கடையின் பதிவு, சோதனை மையம், ஹால்மார்க் செய்த தேதி, தரம், நகையின் வகை எல்லாம் வரும். அந்த வகையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது செயின், செயலி மோதிரம் என்று காட்டினால் வேறு நகையின் எண்ணை இதில் பொறித்திருக்க வாய்ப்பு உண்டு. எண் உண்மையானதாக இருந்தும் நகை அது இல்லை. பணம் கட்டுவதற்கு முன், கடையின் பூதக்கண்ணாடியை வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள்.

2 கிராமுக்குக் குறைந்த நகைக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் என்ற கல் பதித்த நகை வகைக்கும் கட்டாயம் கிடையாது. மூக்குத்தி, குழந்தைக் கம்மல் எல்லாம் இதில் தப்பிவிடும். அவற்றுக்கு பில்லில் காரட்டை எழுதி வாங்குவது ஒன்றே பிடி. 2021க்கு முன் வாங்கிய நான்கு முத்திரை (எச்யூஐடி வருவதற்கு முந்தைய முறை) நகை செல்லாமல் போய்விடவில்லை, தாராளமாக வைத்திருக்கலாம், விற்கலாம்.

பில்வாசகன்:
@உரைகல், பில் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் நிகர எடை, காரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம் மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். "எஸ்டிமேட்" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து "ஜிஎஸ்டி மிச்சம்" என்பார்கள். 3 சதவீதம் மிச்சப்படுத்தி உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிற வேலை அது. ஹால்மார்க் நகையில் தரம் குறைவாக இருந்தால், பிஐஎஸ் விதிப்படி குறைந்த தூய்மைக்கான தொகையின் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்கு வர வேண்டும். அதைக் கேட்க பில் வேண்டும்.

2 லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள். ஒரே வாங்கலுக்கு 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கடைக்கு அனுமதி இல்லை. அதை மூன்று பில்லாக உடைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

மில்லிகிராம்:
கல் எடை. நகைக்காரர்கள் கல்லைக் காரட்டில் சொல்வார்கள். ஒரு காரட் 0.2 கிராம், ஐந்து காரட் ஒரு கிராம். தங்கத்தின் காரட் வேறு, இது வேறு. அட்டிகை மொத்த எடை 24.500, கல் 12 காரட் என்றால் கழிவு 2.400, நிகர எடை 22.100. டேக்கில் நிகர எடை 23.100 என்று இருந்தால், கண்ணாடிக் கல் ஒரு கிராமைத் தங்க விலையில் வாங்குகிறீர்கள். 10,000 ரூபாயும் அதற்கு மேல் விஏவும். விஏ நிகர எடைக்கு மட்டும் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அரக்கு நிரப்பிய நகை, கருகமணி, எனாமல், கயிறு எல்லாவற்றுக்கும் இதே கழிவுக் கணக்கு. சாதாரண வண்ணக் கல்லுக்கு பில்லில் தனி விலை இருக்கும், திரும்ப விற்கும்போது அதற்கு ஒன்றும் வராது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

தராசுமுள்:
பழைய நகை மாற்றுவதில்தான் பெரிய பணம் போகிறது. அதிலும் ஒரு கணக்கு மிக மோசம், விளக்கமாகவே சொல்கிறேன்.

பழைய நகை 16.000 கிராம். கல், அழுக்கு 0.600. நிகரம் 15.400. மெஷினில் தூய்மை 88.5 சதவீதம் காட்டுகிறது. சிலர் 15.400 × 88.5 சதவீதம் = 13.629 என்று போட்டு, அதை 22 காரட் விலையான 10,000 ஆல் பெருக்கி 1,36,290 என்று எழுதிவிடுகிறார்கள். 13.629 என்பது சுத்தத் தங்கம், 24 காரட். 22 காரட் விலையிலோ ஏற்கனவே 91.6தான் இருக்கிறது. செம்பை இரண்டு முறை கழித்திருக்கிறார்கள்.

சரியான கணக்கு: 15.400 × 88.5 ÷ 91.6 = 14.879 கிராம் 22 காரட். தொகை 1,48,790. வித்தியாசம் 12,500. ஒரு வருஷம் காலை விலை பார்த்து மிச்சம் பிடித்தாலும் இது வராது.

உருக்கினால் வரும் எடை இழப்பு, தூய்மைக் கழிவு, இந்த இரண்டும் நியாயம். அதற்கு மேல் "கடைக் கழிவு 2 சதவீதம்", "வெளிக்கடை நகை என்பதால் 3 சதவீதம்" என்று வந்தால் அதையும் சேர்த்து, கடைசியில் கையில் வரும் தொகையை வைத்து மட்டுமே இரண்டு கடைகளை ஒப்பிடுங்கள். புது நகைக்கான ஜிஎஸ்டி அதன் முழு மதிப்புக்கும் உண்டு, பழைய நகையைக் கழித்த மீதிக்கு மட்டும் என்று நினைத்துப் பணம் கொண்டுபோகாதீர்கள்.

உரைகல்:
ஒரு திருத்தம். மெஷினில் வரும் 88.5ஐ அப்படியே நம்பி உட்கார வேண்டாம். அது எக்ஸ்ரே முறை, மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தைத்தான் படிக்கும். பற்று வைத்த இடத்தில் வைத்தால் குறைத்துக் காட்டும், புதிதாக முலாம் ஏற்றியிருந்தால் கூட்டிக் காட்டும். ஒரே நகையில் மூன்று நான்கு இடம் பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள், கொக்கியில் மட்டும் வைத்துப் பார்ப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரிய எடையாக இருந்தால் உங்கள் கண் முன்னால் உருக்கி, கட்டியில் பார்ப்பதே மேல். உருக்குவதற்கு முன் எடை, பின் எடை இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஆனால் உருக்கியபின் அந்த நகை திரும்ப வராது. தொகை, கழிவு முறை எல்லாம் அதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள, பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் பொதுமக்களும் நகையைக் கொடுத்துப் பார்க்கலாம். நான்கு நகை வரை 200 ரூபாய், அதற்கு மேல் நகைக்கு 45, வரி தனி.

கொலுசுமணி:
நகைச் சீட்டு பற்றி யாரும் சொல்லவில்லையே? 11 மாதம் கட்டினால் விஏ இல்லை என்கிறார்கள். அது மேலே தராசுமுள் சொன்ன 10 சதவீதத்தை அப்படியே மிச்சப்படுத்துகிறதே?

பில்வாசகன்:
@கொலுசுமணி, மிச்சப்படுத்தலாம், நிபந்தனையைப் படித்தால். 11 மாதம் என்று வைப்பதற்கே காரணம் சட்டம்: பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தராவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும்.

சீட்டில் இரண்டு வகை. ஒன்றில் பணமாகச் சேரும், முடியும் நாளின் விலையில் நகை. இன்னொன்றில் ஒவ்வொரு மாதமும் கட்டும் நாளின் விலைக்கு கிராமாகப் பதிவாகும். விலை ஏறுகிற காலத்தில் இரண்டாவதுதான் பாதுகாப்பு, பாஸ்புக்கில் மில்லிகிராம் வரை எடை எழுதப்படுகிறதா பாருங்கள். கேட்க வேண்டியவை: விஏ தள்ளுபடிக்கு உச்சவரம்பு எவ்வளவு (18 சதவீதம் வரை என்றால் 22 சதவீத நகைக்கு மீதி 4 நீங்கள் தர வேண்டும்), கல் நகைக்கும் தங்கக் காசுக்கும் பொருந்துமா, சேர்ந்த எடைக்கு மேல் எடுக்கும் கிராமுக்கு விஏ உண்டா, பாதியில் நிறுத்தினால் என்ன கிடைக்கும். ஜிஎஸ்டி எப்படியும் தனி. கடை மூடினால் இந்தப் பணத்துக்கு வங்கி டெபாசிட் போல் காப்பீடு கிடையாது. அதனால் பெரிய தொகையை ஒரே கடையில் குவிக்க வேண்டாம்.

இன்னொரு சூட்சுமம்: விஏ இல்லாத சீட்டில் மெஷின் செயின் எடுப்பவருக்கு லாபம் குறைவு, வேலைப்பாடு அதிகமான நகை எடுப்பவருக்கு அதிகம்.

கொலுசுமணி:
நன்றி. பதிலுக்கு வெள்ளி பற்றி எழுதுகிறேன். பட்டியலில் வெள்ளி விலை கிராமுக்கும் கிலோவுக்கும் வரும், அது சுத்த வெள்ளிக்கு. கொலுசு அந்தத் தரத்தில் இருக்காது. முத்து வளையங்களைச் சேர்க்கும் பற்றே தூய்மையை இழுத்துவிடும், அதனால் திருப்பிக் கொடுக்கும்போது கழிவு தங்கத்தைவிடப் பல மடங்கு. வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லாமல் விருப்பமாகத்தான் வந்தது, எச்யூஐடியும் 2025 செப்டம்பர் 1 முதல் அப்படியே. இருந்தாலும் 925 முத்திரை உள்ள கொலுசாகக் கேட்டு வாங்குங்கள். முத்திரை இல்லாவிட்டால் "திரும்பக் கொடுத்தால் எத்தனை சதவீதம் எடுப்பீர்கள்" என்பதை பில்லின் பின்புறமாவது எழுதி வாங்குங்கள்.

கறுப்பது போலி என்பதற்கு அடையாளம் இல்லை. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுக்கிறது, சுத்த வெள்ளியும் கறுக்கும். ஜெர்மன் சில்வர் குத்துவிளக்கில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்.

கோவைப் பட்டறை:
சொந்தத் தங்கத்தைக் கொடுத்து ஆசாரிகிட்ட செய்யறவங்களுக்கு ஒண்ணு. அங்க வரி 3 இல்லை, ஜிஎஸ்டி பதிவு இருக்கற பட்டறைன்னா கூலிக்கு மட்டும் 5 சதவீதம். கொடுக்கற தங்கத்தோட எடையும் டச்சும், திரும்ப வர்ற நகையோட எடையும் டச்சும், நாலையும் எழுதிக்குங்க. எடையை மட்டும் எழுதினா பற்றும் செம்பும் எடைக்குள்ள ஒளிஞ்சுக்கும். முடிஞ்ச நகையை சோதனை மையத்துல காட்டிட்டு கூலியைக் கொடுங்க.

மில்லிகிராம்:
"நகை முதலீடு" என்று நினைப்பவர்களுக்கு மேலே உள்ள 8 கிராம் செயினை வைத்தே பதில். ஹால்மார்க் கட்டணத்தை விட்டுவிட்டாலும் 90,640 கொடுத்து வாங்குகிறீர்கள். மறுநாளே அதே விலையில், 2 சதவீதக் கழிவுடன் விற்றால் 78,400. போட்ட பணம் திரும்ப வரவே கிராம் விலை 10,000 இலிருந்து ஏறத்தாழ 11,560 ஆக வேண்டும். போட்டுக்கொள்ள வாங்குங்கள், அதற்கு அந்த விலை தரலாம். சேமிப்புக்கு என்றால் தங்கக் காசு. காசிலும் 24 காரட் 999 ஆ 995 ஆ, செய்கூலி எவ்வளவு, விற்ற கடையே எந்த விலைக்கு எடுக்கும் என்று கேளுங்கள். வங்கியில் வாங்கிய காசை வங்கி திரும்ப எடுக்காது, நகைக்கடைக்குத்தான் போக வேண்டும்.

உரைகல்:
@மில்லிகிராம், காசின் உறையைப் பிரிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பிரித்துவிட்டால் மறுபடி சோதனை, அதைக் காரணம் காட்டி மறுபடி கழிவு. உறையில் இருக்கும் எண்ணும் சான்றிதழில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்பதைக் கடையிலேயே பார்த்து, பில்லையும் சேர்த்து ஒரே கவரில் போட்டு வைக்கலாம்.